‘எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க’: யார் சொன்னது என்றே தெரியாத எச்சரிக்கைகளை எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு பத்தரை மணிக்கு குடும்ப குரூப்பில் ஒரு வாய்ஸ் நோட் வந்து விழுகிறது. பேசுகிறவர் யாரென்று தெரியாது. மூச்சு வாங்குகிறது, பின்னால் வண்டிச் சத்தம். "நம்ம ஏரியாவுக்குள்ள ஒரு கும்பல் இறங்கியிருக்கு, பிள்ளைங்கள தனியா வெளிய விடாதீங்க, எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க" என்று சொல்லி முடிகிறது. அதன் கீழே சித்தப்பா ஒரு வரி போடுகிறார்: "உண்மையா பொய்யான்னு தெரியல, எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க."

2018 ஏப்ரல் கடைசியில் வேலூர்ப் பக்கம் எங்களுக்கு வந்தது கிட்டத்தட்ட இதுதான். நானும் கேட்டேன், கேட்ட கையோடு எங்கள் தெரு குரூப்புக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, கோடை முழுக்க எங்கள் தெருவுக்கு குல்ஃபி விற்க வரும் இளைஞரை நான்கைந்து பேர் நிறுத்தி, ஆதார் எங்கே என்று மிரட்டி, முகத்தைப் படமெடுத்து அதே குரூப்பில் போட்டார்கள். இந்தி பேசுகிறவர், மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டுகிறவர், கையில் இனிப்பு வேறு. வாய்ஸ் நோட்டில் சொன்ன அடையாளம் அத்தனையும் அவருக்குப் பொருந்திவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து "இந்தப் பையனை எனக்கு மூணு வருஷமா தெரியும்" என்று குறுக்கே நின்றதால் அடி விழவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருப் பக்கம் வரவே இல்லை.

அந்த அளவில் முடிந்தது எங்கள் தெருவின் அதிர்ஷ்டம். அதே நாட்களில் குடியாத்தம் பக்கம் இந்தி பேசிய ஒருவரை அடித்தே கொன்றார்கள். மே 9-ம் தேதி போளூர் அருகே அத்திமூரில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பத்தை, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள் என்பதற்காக ஊர் கூடி அடித்தது. 65 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். பழவேற்காட்டில் ஒருவரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். இதில் அடித்தவர்களில் பெரும்பாலானோர் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பியே கை ஓங்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் தூக்கம் கெடுக்கிறது.

ஆனால் பெயரில்லாமல் வரும் எச்சரிக்கை எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ‘அந்த டியூஷன் வாத்தியார்கிட்ட பெண்பிள்ளையைத் தனியா அனுப்பாதீங்க’ என்று ஒரு தாய் இன்னொரு தாயின் காதில் சொல்வதும் பெயரில்லாத எச்சரிக்கைதான், பல ஊர்களில் பிள்ளைகளைக் காப்பாற்றியதும் அதுதான். ஆகவே நம்பு, நம்பாதே என்று ஒரே வரியில் முடிகிற விஷயமில்லை. எடைபோட வேண்டும். ஏழு வருஷத்துக்கு மேலாக ஒரு குரூப்புக்கு அட்மினாக இருந்துகொண்டு நான் எப்படிச் செய்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

முதலில், அது உங்களை என்ன செய்யச் சொல்கிறது?

உண்மையா பொய்யா என்ற கேள்விக்கு அப்புறம் போகலாம். முதலில் செய்தியைப் பிரித்துப் போடுங்கள். என்ன நடந்தது என்கிறது, நம்மை என்ன செய்யச் சொல்கிறது, யாரைச் சந்தேகப்படச் சொல்கிறது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்குவதால்தான் பிரச்சினை வருகிறது.

"குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருக்கு, கொதிக்க வைச்சுக் குடிங்க" என்று வந்தால் விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டாம், கொதிக்க வைத்துவிடுங்கள். பொய்யாகவே இருந்தாலும் போவது கொஞ்சம் கேஸ். "இந்த லிங்கைத் தொடாதீங்க", "வங்கியிலிருந்து பேசுறேன்னு யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க" என்பதும் இதே வகைதான், யார் சொன்னால் என்ன, கடைப்பிடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதுவே ஒரு கடையைப் புறக்கணிக்கச் சொன்னால், ஊசி போடாதே என்றால், ஊரைவிட்டுக் கிளம்பு என்றால், ‘இப்படி உடுத்தியிருப்பவன், இந்த மொழி பேசுகிறவன்’ என்று ஆள் அடையாளம் கொடுத்தால், பொய்யாகப் போகும்போது அது வேறொருவர் தலையில் விடியும். அப்படிப்பட்டதற்கு ஆதாரம் நிறையக் கேட்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆபத்தைச் சொல்கிறது என்பதை மட்டும் பார்த்து பயந்துவிடாமல், பொய்யானால் யார் அழுவார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சில காரியங்கள் வெளிப்பார்வைக்கு ஜாக்கிரதை மாதிரி இருக்கும், ஆனால் அதுவே ஆபத்து. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, ஊசியால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டுகள் பறந்தன. பள்ளிகளில் எத்தனையோ பெற்றோர் வேண்டாம் என்று மறுத்தார்கள், முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. "எதுக்கும் போடாம இருப்போம்" என்பது பத்திரமான முடிவாகத் தோன்றியது. ஆனால் தட்டம்மை வந்தால் நிமோனியாவரை போகும், கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் விலை உண்டு.

யாருக்கும் தெரியாதவரா, பெயர் சொல்ல விரும்பாதவரா?

என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெயரில்லாத எச்சரிக்கையில் இரண்டு ரகம். ஒன்று, சொன்னவரை இடையில் இருக்கும் ஒருவருக்காவது நேரில் தெரியும், அவர் பெயரை வெளியே விடாமல் காக்கிறார். இன்னொன்று, சங்கிலியில் எவ்வளவு மேலே ஏறிப்போனாலும் ஆளே இல்லை. இரண்டும் நம் போனில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பிரித்தறிய ஒரே வழி, அனுப்பியவரைக் கேட்பது.

2018 அக்டோபரில் பல பெண்கள் தங்களுக்கு நடந்த பாலியல் தொல்லைகளைப் பெயர் போடாமல் வெளியே சொன்னபோது, பல இடங்களில் அந்தக் கதைகளைத் தங்கள் சொந்தப் பெயரில் எடுத்துவைத்த பெண்கள் இருந்தார்கள். ‘இவரோடு நான் பேசினேன், இவர் யாரென்று எனக்குத் தெரியும், கேள்வி இருந்தால் என்னைக் கேளுங்கள்’ என்று நடுவில் ஒருவர் பொறுப்பேற்றார். அதனாலேயே சொன்னது அத்தனையும் நிரூபணமாகிவிடாது. ஆனால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார். 2018 ஏப்ரலில் எங்களுக்கு வந்த வாய்ஸ் நோட்டில் அப்படி யாருமே இல்லை. "எனக்கு வந்தது, நான் அனுப்பினேன்" என்ற பதில் மட்டுமே கடைசிவரை.

அதனால் அனுப்பியவரிடம் கேளுங்கள். குரூப்பில் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், பெரியவர்களாக இருந்தால் மானப் பிரச்சினையாகிவிடும், அப்புறம் அவர் தன் பேச்சை நிலைநாட்டத்தான் பார்ப்பார். தனியாகப் போன் போட்டு, "சித்தப்பா, அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டதும் பயந்துட்டேன். உங்களுக்கு யார் அனுப்பினாங்க? அவங்க நேர்ல பார்த்தாங்களாமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. சித்தப்பா தன் ஆபீஸ் நண்பர் என்பார், முடிந்தால் அந்த நண்பரையும் கேளுங்கள். இரண்டு படி ஏறினால் போதும், பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். "என் மச்சினன் கண்ணால பார்த்தான்" என்று சொன்னவரிடம் மச்சினன் நம்பரைக் கேட்டால், அந்த மச்சினனுக்கும் அது எங்கிருந்தோ வந்ததாகவே இருக்கும். மேலே ஏற ஏற விவரம் கூடினால் (எந்தத் தெரு, எத்தனை மணி, அப்புறம் என்ன ஆச்சு) அது நல்ல அறிகுறி. விவரம் தேய்ந்துகொண்டே போய், பயம் மட்டும் அப்படியே இருந்தால் விட்டுவிடலாம்.

வாட்ஸ்அப்பே ஒரு சின்ன அடையாளம் தருகிறது. இரட்டை அம்புக்குறியோடு, பலமுறை பகிரப்பட்டது என்று ஒரு செய்தி வந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். 2018 கொலைகளுக்குப் பிறகுதான் ‘பகிரப்பட்டது’ என்ற அடையாளமும், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாது என்ற கட்டுப்பாடும் வந்தன. 2020 ஏப்ரலில், இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கினார்கள். ஆனால் யாராவது அதையே நகலெடுத்துப் புதிதாக ஒட்டினாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டாலோ அம்பு போய்விடும். அம்பு இருந்தால் சந்தேகப்படுங்கள், இல்லையென்பதால் நிம்மதி அடையாதீர்கள்.

இன்னொன்று, ஐந்து குரூப்பில் வந்தால் ஐந்து சாட்சி என்று எண்ணிவிடாதீர்கள். ஐந்திலும் எழுத்துப் பிழை உட்பட ஒரே வாசகம் என்றால் சாட்சி ஒன்றுதான், அதுவும் யாரென்று தெரியாத ஒன்று. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், அவரவர் வார்த்தையில், கொஞ்சம் முன்பின்னாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அந்த இரண்டு, ஐம்பது பார்வேர்டுக்கு மேல்.

தேதி, இடம், பெயர்

உண்மையான எச்சரிக்கையில் ஒட்டிக்கொள்ள ஏதாவது இருக்கும். "நேற்று" என்ற சொல்லை நம்பாதீர்கள், அந்த நேற்று ஆறு வருஷத்துக்கு முந்தைய நேற்றாகவும் இருக்கும். எந்தத் தேதி, எந்த ஊர், எந்தக் காவல் நிலையம், எந்தப் பள்ளி என்று தேடுங்கள். ‘நம்ம ஏரியா’, ‘பக்கத்து ஊர்’, ‘பிரபல பள்ளி’ என்று மட்டும் இருந்தால் எந்த ஊரிலும் பொருந்துவதற்காகவே தைத்த சட்டை அது. செய்தியிலிருந்து ஒரு வரியை எடுத்து கூகுளில் போட்டுப் பாருங்கள். ஊர்ப்பெயர் மட்டும் மாறி, மற்றதெல்லாம் அச்சு அசலாக வேறு மாவட்டத்தில் கிடைத்தால் வேலை முடிந்தது.

பெரிய பெயரைச் சொல்லி பயமுறுத்துவதும் உண்டு. நாசா, உலக சுகாதார நிறுவனம், ‘ஒரு ஐபிஎஸ் அதிகாரி’, ‘ஜிஎச் டாக்டர்’. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நாசா பேரைப் போட்டு, இன்னும் பயங்கர மழை வருகிறது என்று ஒரு செய்தி ஓடியது. சென்னை மழையைச் சொல்ல நுங்கம்பாக்கத்தில் வானிலை மையம் இருக்கிறது. எந்தப் பெயரைச் சொல்கிறார்களோ அவர்களுடைய சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பெயர் இரவல்.

படமும் வீடியோவும்

2018-ல் பரவிய வீடியோ ஞாபகம் இருக்கிறதா? இருவர் பைக்கில் வருகிறார்கள், தெருவில் விளையாடும் பிள்ளைகளில் ஒன்றை அள்ளிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தவர் எவருக்கும் வயிறு கலங்கும். அது பாகிஸ்தானின் கராச்சியில் ரோஷ்னி என்ற தொண்டு நிறுவனத்துக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப்படத்தில் அந்த பைக் திரும்பி வரும், பிள்ளையை இறக்கிவிட்டு ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள், பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று. அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். பிள்ளைகளைக் காக்க எடுத்த படம் மனிதர்களைக் கொல்ல உதவியது. அதோடு சுற்றிய இறந்த பிள்ளைகளின் படம் 2013-ல் சிரியாவில் நடந்த ரசாயனத் தாக்குதலில் எடுக்கப்பட்டது.

அதனால் வீடியோ வந்தால் இரண்டு வேலை. ஒன்று, முகம் தெளிவாகவோ கட்டடம் தெளிவாகவோ தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போடுங்கள், மூன்று நான்கு வெவ்வேறு காட்சிகளைப் போடுவது நல்லது. பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் அப்போதே மாட்டும். இரண்டாவது, சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். நம்மைப் பதறவைப்பது பெரும்பாலும் மேலே ஒட்டிய குரல்தான். அதை எடுத்துவிட்டால் கண்ணுக்கு வேறு விஷயங்கள் தெரியும்: வண்டி நம்பர் பிளேட்டில் டிஎன் இருக்கிறதா, கடைப் பலகை எந்த எழுத்தில் இருக்கிறது, போலீஸ் உடுப்பு எப்படி, ஆட்டோ என்ன நிறம், மழைக்காலமா வெயிலா. பிறகு சத்தத்தை மட்டும் கேளுங்கள், படத்தைப் பார்க்காமல். இப்போது குரலையும் முகத்தையும் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது, ஆகவே தெரிந்தவர் குரலாகவே இருந்தாலும் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.

2023 மார்ச்சில் இதே வித்தை எதிர்த்திசையில் நடந்தது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்தியில் வீடியோக்கள் பரவின. அதில் ஒன்று ராஜஸ்தான் ஜோத்பூரில் நடந்த வேறொரு கொலை, இன்னொன்று கோயம்புத்தூரில் உள்ளூர் ஆட்களுக்குள் நடந்த வெட்டுக்குத்து. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள், ஊரில் இருக்கும் அம்மாமார் போன் போட்டு அழுதார்கள். தமிழ்நாட்டுக் காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. நம்மில் பலருக்கு அப்படி ஒரு செய்தி ஓடுவதே தெரியாது, ஏனென்றால் அது நம் மொழியில் வரவில்லை. உங்கள் தெருவில், கம்பெனியில் வேறு மொழி பேசுகிறவர்கள் இருந்தால் அவர்கள் போனில் என்ன வருகிறது என்று அவ்வப்போது கேளுங்கள். நம் தெருவைப் பற்றி நமக்கே தெரியாத ஒரு எச்சரிக்கை அங்கே இருக்கலாம்.

இது முன்கூட்டியே தெரியக்கூடிய விஷயமா?

இந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் செய்திகள் உதிர்ந்துவிடும். புயல் வருவது நாட்கணக்கில் முன்பே தெரியும், பாதை கொஞ்சம் மாறும் அவ்வளவுதான். ஏரியிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பது திறக்கிறவருக்கு முன்பே தெரியும். நிலநடுக்கம் இன்ன நாள் இன்ன நேரம் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே "நாளை மாலை நிலநடுக்கம், சுனாமி" என்று வந்தால் யார் பெயர் போட்டிருந்தாலும் பொய். கடலுக்கடியில் நடுக்கம் ஏற்பட்ட பிறகுதான் சுனாமியைச் சொல்ல முடியும். 2004 டிசம்பர் 26-ல் சுமத்ராவில் நடுங்கிய பிறகு நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் சொல்ல அன்று யாரும் இல்லை. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது, 2012 ஏப்ரல் 11-ல் மறுபடி சுமத்ரா நடுங்கியபோது முறையான எச்சரிக்கை வந்து, பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது.

அதிகாரம் உள்ளவர்களும் தவறுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2004 டிசம்பர் 30-ல், வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை வைத்து மத்திய அரசே மறுபடி அலை வரலாம் என்று எச்சரிக்க, நான்கு நாட்களுக்கு முன்புதான் உறவுகளைப் பறிகொடுத்திருந்த நாகப்பட்டினம் மக்கள் மீண்டும் ஓடினார்கள். வரவே இல்லை. அன்று ஓடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த நிலையில் நானும் ஓடியிருப்பேன். ஓடியது யாரையும் கொல்லவில்லை, மேலே சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

"இந்த வாட்ஸ்அப் மெசேஜ் உண்மையா சார்?" என்று காவல் நிலையத்துக்குப் போன் போட்டால் எரிந்து விழுவார்கள், தினம் நூறு பேர் கேட்கிறார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: "நேற்று மாலை இந்தத் தெருவில் பிள்ளையைக் கடத்த முயன்றதாகப் புகார் ஏதாவது வந்திருக்கிறதா?" வந்தது, வரவில்லை என்று ஒரு சொல்லில் பதில் கிடைக்கும். பள்ளியைப் பற்றி என்றால் பள்ளி ஆபீசில் கேளுங்கள், கடையைப் பற்றி என்றால் கடைக்காரரையே கேளுங்கள். சம்பந்தப்பட்டவரைக் கேட்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை, ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

வெள்ளம், புயல் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. பிள்ளைகள் விஷயம் 1098, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. ஆன்லைன் மோசடியில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இந்த எண்களை குரூப்பின் மேலே பின் செய்து வையுங்கள்.

ஒரு ஆளைப் பற்றிய எச்சரிக்கை

இது கடினமானது. ‘அந்த ஆள் சரியில்லை’ என்று பெயர் சொல்லாத ஒருவர் சொல்கிறார். பொய்யானால் ஒரு மனிதர் வாழ்க்கை போகும், உண்மையானால் அடுத்த பெண்ணுக்கோ பிள்ளைக்கோ நடக்கும். வெளியே பெயர் சொன்னால் வேலை போகும், கல்யாணம் தடைபடும் என்ற பயத்தில் வாய் மூடுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால், பெயர் இல்லை என்பதையே பொய்யென்பதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள்.

நான் பார்ப்பது இவைதான். சொன்னவருக்கே நடந்ததா, கேள்விப்பட்டதா? என்ன நடந்தது என்பது தெளிவாக இருக்கிறதா, இல்லை ‘மோசமானவன்’ என்ற முத்திரை மட்டும்தானா? வேறொரு இடத்தில், வேறொருவர் இதே மாதிரி சொல்லியிருக்கிறாரா? சொன்னவருக்கும் அந்த ஆளுக்கும் இடையே வாடகை, சொத்து, சாதி, தேர்தல் என்று வேறு தகராறு ஓடுகிறதா? தகராறு இருந்தாலே பொய் என்று ஆகிவிடாது, ஆனால் கூடுதலாக ஒரு வழியில் உறுதிப்படுத்த வேண்டும்.

பாதி நம்பிக்கை வந்தால்கூட உங்கள் பிள்ளையை அந்த இடத்துக்குத் தனியாக அனுப்பாமல் இருக்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். நேரடியாக ஆபத்தில் இருக்கும் இரண்டொருவரிடம் வாயால் சொல்லலாம். 300 பேர் இருக்கும் குரூப்பில் படத்தோடு போடாதீர்கள். குற்றம் செய்தவராகவே இருந்தாலும் அது அவரை உஷார்ப்படுத்தும், சொன்ன பெண்ணைக் காட்டிக்கொடுக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அங்கே எழுதிக் கொடுக்க அவருக்குத் துணையாகப் போங்கள்.

18 வயதுக்குக் கீழே இருப்பவர் என்றால் கதையே வேறு. போக்சோ சட்டத்தின்படி, பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரிந்தாலோ நடக்கும் என்று அஞ்சினாலோ போலீசிடம் சொல்வது ஒவ்வொருவரின் கடமை, தெரிந்தும் சொல்லாமல் விட்டால் தண்டனை உண்டு. பிள்ளையின் பெயரை, பள்ளியை, படத்தை வெளியிடுவதும் குற்றம். குரூப்பில் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இங்கே இரண்டு தவறையும் ஒன்றாகச் செய்கிறார்கள்.

அனுப்பத்தான் வேண்டும் என்றால்

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து தண்ணீர் பெருக்கெடுத்து வந்தபோது, அடையாற்றங்கரையில் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய பிறகுதான் விஷயமே தெரிந்தது. அதே வாரம் ஏரி உடைந்துவிட்டது, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பொய்கள் மட்டும் தடையில்லாமல் ஓடின. பொய் நிறைய ஓடும் இடத்தில் மெய்யையும் ஜனங்கள் கேட்பதில்லை. ஆகவே உறுதியான எச்சரிக்கை கையில் இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதும் தப்பு. ஆனால் வந்ததை அப்படியே தள்ளிவிடாதீர்கள், உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். எழுத உட்கார்ந்தாலே உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று வெளிச்சமாகிவிடும்.

நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இன்று ஜூன் 12, காலை 9 மணி. மூன்றாவது குறுக்குத் தெருவில் குடிநீர் கலங்கலாக, நாற்றத்துடன் வருகிறது. நானே பார்த்தேன். நகராட்சியில் சொல்லியிருக்கிறேன், இன்னும் ஆள் வரவில்லை. மற்ற தெருக்களில் எப்படி என்று தெரியாது. அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள். மாலை 6 மணிக்கு மறுபடி எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் எனக்குப் போன் போடுங்கள்." தேதி இருக்கிறது, யார் பார்த்தது என்று இருக்கிறது, தெரியாதது சொல்லப்பட்டிருக்கிறது, எப்போது காலாவதி என்றும் தெரியும். மாலை ஆறு மணிக்கு மறக்காமல் எழுத வேண்டும், அதுதான் அடுத்த முறை உங்களை நம்பவைக்கும். ‘அனைவருக்கும் பகிரவும்’ என்று கடைசியில் சேர்க்காதீர்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். பேரிடர் பற்றிப் பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். மக்களிடையே அச்சத்தையும் பகையையும் கிளப்பும் பொய்த் தகவலுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353-வது பிரிவு இருக்கிறது. ‘வந்ததை அப்படியே அனுப்பினேன்’ என்ற வரி கேடயம் ஆகாது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டால்

நீக்கிவிட்டுப் போய்விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாக மட்டுமே எல்லோருக்குமாக நீக்க முடியும், அதற்குள் அது எங்கெல்லாமோ போயிருக்கும். எந்தெந்த குரூப்புக்கு அனுப்பினீர்களோ அத்தனைக்கும் திருத்தம் அனுப்புங்கள். பழைய செய்தியை மறுபடி ஒட்டாமல், உண்மையை முதல் வரியில் வையுங்கள்: "நம் பகுதியில் பிள்ளைக் கடத்தல் புகார் எதுவும் இல்லை, இன்று காலை நம் காவல் நிலையத்தில் கேட்டேன். நேற்று நான் அனுப்பிய வாய்ஸ் நோட் தவறு, யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அனுப்பிவிடுங்கள்." உங்களுக்கு அனுப்பியவருக்கும் மேலே தெரியப்படுத்துங்கள். யாருடைய படமாவது போடப்பட்டிருந்தால் படத்தை நீக்கச் சொல்லி அட்மினைக் கேளுங்கள், முடிந்தால் அந்த ஆளை நேரில் பார்த்து மன்னிப்புக் கேளுங்கள். எங்கள் தெருவில் நான் அதைச் செய்வதற்குள் குல்ஃபிக்காரர் போய்விட்டார்.

திருத்தம் போட்டதும் கட்டாயம் ஒருவர் எழுதுவார், "இருக்கட்டுமே, எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கிறது நல்லதுதானே" என்று. அவரோடு குரூப்பில் சண்டை போடாமல், தனியாகப் போன் போட்டு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருகிறார்கள், பிள்ளைக்கு உங்கள் போன் நம்பர் மனப்பாடமா, தெரியாதவர் கூப்பிட்டால் எந்த வீட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா என்று பேசுங்கள்.